அக்கா மகனுக்கு 18 மாதம், இன்னொரு பையனுக்கு 8 மாதம்: தண்டனையை ஏஐ சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்குமா?

பிறைவாசி | வியாழன், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துவிட்டுப் போகிறவன். இன்றைக்கு எழுத வேண்டியதாகிவிட்டது.

போன வாரம் என் அக்கா மகனுக்கு 18 மாதம் ஜெயில் கொடுத்துவிட்டார்கள். போதைப்பொருள் வைத்திருந்த கேஸ், பிரிவு 12(2). வயது 23, லோரி அட்டெண்டன் வேலை, முதல் கேஸ். குற்றத்தை ஒப்புக்கொண்டான், அன்றைக்கே தீர்ப்பு. வெளியே வந்தால் இன்னொரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. அவர்களுடைய மூத்த பையனுக்குப் போன வருஷம் வேறு ஊர்க் கோர்ட்டில் இதே பிரிவு, கிட்டத்தட்ட இதே எடை, அவனுக்கும் முதல் கேஸ். 8 மாதம்தானாம்.

அன்றிலிருந்து அக்கா சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள். "அந்தப் புள்ளைக்கு எட்டு, எம்புள்ளைக்கு ஏன்டா பதினெட்டு?" எனக்குப் பதில் தெரியவில்லை.

நம் மலேசியாவிலேயே சபா மாநிலத்தில் கம்ப்யூட்டரை வைத்துத் தண்டனை அளவைப் பார்க்கிறார்கள் என்று எங்கேயோ படித்தேன். கம்ப்யூட்டருக்குக் காலையில் வீட்டில் சண்டை நடந்திருக்காது. பசி இருக்காது. இவன் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காது. அப்படி ஒன்று இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே தண்டனை வந்திருக்கும் இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடத்துநர் | வியாழன், இரவு 9.30

பதிவில் இருந்த கோர்ட்டின் பெயரையும் மாஜிஸ்திரேட்டின் பெயரையும் எடுத்துவிட்டேன். இனி எழுதுகிறவர்களும் ஆள் பெயர் போடாமல் எழுதுங்கள்.

செந்தூல் லோயர் | வியாழன், இரவு 10.05

அண்ணே, ஏஐ பற்றிப் பிறகு சொல்கிறேன். முதல் வேலையை முதலில் பாருங்கள். தீர்ப்பு நாளிலிருந்து 14 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் போட வேண்டும். போன வாரம் என்றால் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் தண்டனை அதிகம் என்றோ, சட்டப்படி சரியில்லை என்றோதான் அப்பீல் செய்ய முடியும். குற்றவாளி இல்லை என்று இப்போது சொல்ல முடியாது. லோயர் வைக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவிக்கு நாளைக்கே போய்க் கேளுங்கள்.

இப்போது சபா விஷயம். 2020 பிப்ரவரி, கோத்தா கினாபாலு. ஏஐகோஸ் என்று பெயர். சரவாக் மாநில அரசின் கம்ப்யூட்டர் நிறுவனம் செய்துகொடுத்தது. முதலில் எடுத்துக்கொண்டவை இரண்டே குற்றங்கள்: உங்கள் அக்கா மகன் மேல் வந்த இதே 12(2), இன்னொன்று தண்டனைச் சட்டம் 376(1), பாலியல் வல்லுறவு. 2014 முதல் 2019 வரை சபா, சரவாக்கில் வந்த தீர்ப்புகளை ஊட்டிப் பழக்கினார்கள். போதைப்பொருளின் எடை, வயது, வேலை, ஒப்புக்கொண்டாரா இல்லையா என்று விவரங்களைத் தட்டினால் இத்தனை மாதம் என்று பரிந்துரை வரும். கட்டாயம் இல்லை, மாஜிஸ்திரேட் ஏற்கலாம், விடலாம். முதல் கேஸிலேயே இயந்திரம் 10 மாதம் என்றது, மாஜிஸ்திரேட் 12 கொடுத்தார். குற்றம் சாட்டப்பட்டவரின் லோயர் எழுந்து எதிர்ப்புச் சொன்னார். நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இப்படி ஒரு பொருளுக்கு இடமே இல்லை, அரசியலமைப்பின் 5, 8 ஆகிய விதிகளுக்கு முரண் என்பது அவர் வாதம். 2021 நடுவில் கோலாலம்பூரிலும் 20 வகைக் குற்றங்களுக்கு இதே போன்ற ஒன்றைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். லோயர்கள் கையில் எந்த வழிகாட்டியும் கொடுக்கப்படவில்லை.

இதைக் கொண்டுவந்ததற்குச் சொன்ன காரணம் உங்கள் அக்கா கேட்கும் அதே கேள்விதான். 12(2)க்குச் சட்டம் சொல்வது 5 ஆண்டு வரை ஜெயில், அல்லது 1,00,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு நாளும் 5 ஆண்டும் இதே கதவுக்குள்தான் இருக்கின்றன. அவ்வளவு பெரிய கதவு திறந்திருந்தால் ஊருக்கு ஊர் வித்தியாசம் வரத்தான் செய்யும். நான் தினமும் பார்க்கிறேன். அதனால் இந்த யோசனையையே முட்டாள்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

கெப்போங் டாக்சி | வியாழன், இரவு 11.20

நான் ஏஐ பக்கம். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஒரு வொர்க்‌ஷாப்காரன் கியர்பாக்ஸ் மாற்றுகிறேன் என்று 4,000 வெள்ளி வாங்கினான். மூன்றே வாரத்தில் வண்டி நடுரோட்டில் நின்றது. கேஸ் போட யார் யாரையோ கேட்டேன். ஒருவர் 1,500 வெள்ளி ஃபீஸ் என்றார். கடைசியில் என் மகள் போனில் ஏஐயைத் திறந்து, தமிழிலேயே கேள் என்று கையில் கொடுத்தாள். கேட்டேன். பயனீட்டாளர் நடுவர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது, 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளி, லோயர் தேவையில்லை, இன்ன இன்ன ரசீது எடுத்துப் போ என்று வரிசையாகச் சொன்னது. நான் முப்பது வருஷம் இந்த ஊரில் டாக்சி ஓட்டுகிறேன், ஒரு மனிதனும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

கோர்ட்டு என்றால் நமக்கெல்லாம் என்ன? காலை எட்டரைக்கு வா என்பார்கள். மதியம் வரை உட்கார்ந்திருப்போம். பிறகு தள்ளிவைத்தாச்சு என்பார்கள். அன்றைய ஓட்டம் போச்சு. அதற்கு யார் பதில் சொல்கிறார்கள்? வேகமாக, எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு பொருள் தீர்த்துவைக்கும் என்றால் வரட்டுமே.

பாயான் லெப்பாஸ் | வெள்ளி, காலை 7.48

அண்ணன் சொன்ன அனுபவம் உண்மை, அதை மதிக்கிறேன். ஆனால் நடுவர் மன்றத்துக்கு வழி சொல்வது வேறு, ஒருவனை எத்தனை மாதம் உள்ளே வைக்கலாம் என்று சொல்வது வேறு. இரண்டையும் ஏஐ என்ற ஒரே சொல்லில் போட்டால் குழம்பிவிடுவோம்.

நான் டேட்டா வேலை பார்க்கிறவன், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். இந்த மாதிரி இயந்திரத்துக்கு நியாயம் எது என்று தெரியாது. இதுவரை என்ன நடந்தது என்று மட்டும்தான் தெரியும். ஐந்து வருஷத் தீர்ப்புகளைக் கொடுத்தால் அந்த ஐந்து வருஷத்தின் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் கோணல் இருந்தால் கோணலையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். பிறகு அதையே ஒரு எண்ணாகத் திருப்பித் தரும். 18ம் 8ம் இல்லாமல் இரண்டு பேருக்கும் 13 என்று வந்தால் அது சீராக இருக்கும். 13 சரியா என்ற கேள்வி அப்படியே நிற்கும். 8தான் சரியாக இருந்திருந்தால் இரண்டு பேருமே ஐந்து மாதம் கூடுதலாக உள்ளே இருப்பார்கள்.

சபா இயந்திரத்தைப் பழக்கும்போது இனம் என்ற விவரத்தை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் நம் நாட்டில் இனம் தாளில் உள்ள ஒரு கட்டத்தில் மட்டுமா இருக்கிறது? ஐசியில், அதாவது அடையாள அட்டையில், என் பெயருக்கு நடுவில் ஏ/எல் என்று நிற்கிறது, இந்தியர் பெயரில் வரும் 'இன்னார் மகன்' என்ற குறி. பெயரையும் எடுத்துவிடுங்கள். முகவரி இருக்கிறது. முகவரியையும் எடுத்துவிடுங்கள். வேலை இருக்கிறது, படிப்பு இருக்கிறது. லோரி அட்டெண்டன், ஃப்ளாட் வீடு, மூன்றாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பு நின்றது என்று மூன்று விவரம் போதும், இயந்திரம் இனத்தின் பெயரே தெரியாமல் அந்த இடத்துக்குப் போய்விடும்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் கொம்பாஸ் என்று ஒரு மென்பொருள், ஒருவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும். அதன் கேள்வித்தாளில் 137 கேள்விகள், இனம் பற்றி ஒன்றுகூட இல்லை. புரோபப்ளிகா பத்திரிகையாளர்கள் ஃப்ளோரிடாவின் ஒரு மாவட்டத்தில் 7,000க்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண்ணை எடுத்து, பிறகு உண்மையில் என்ன நடந்தது என்று 2016இல் ஒப்பிட்டார்கள். மறுபடி எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பினத்தவரில் சுமார் 45 விழுக்காட்டினரை ஆபத்தானவர் என்று அது சொல்லியிருந்தது. வெள்ளையரில் இதே தவறு 23 விழுக்காடு. அந்த நிறுவனம் மறுத்தது, எங்கள் மதிப்பெண் இரண்டு இனத்துக்கும் ஒரே அளவு சரியாகத்தான் வருகிறது என்று வேறொரு கணக்கைக் காட்டியது. பிறகு கணிதம் தெரிந்தவர்கள் பார்த்தபோது, இந்த இரண்டு வகை நேர்மையும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை, எது வேண்டும் என்று மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும் என்று தெரிந்தது. அந்த முடிவை நம் நாட்டில் யார் எடுத்தார்கள், எங்கே எழுதிவைத்திருக்கிறார்கள்? எனக்கு அதுதான் உறுத்துகிறது.

மூன்றாம் ஆண்டு | வெள்ளி, காலை 8.30

நான் சட்டம் படிக்கிறேன். பாயான் லெப்பாஸ் அண்ணன் சொன்ன அதே கொம்பாஸ் பற்றிய லூமிஸ் வழக்கு எங்களுக்குப் பாடத்தில் வந்தது. விஸ்கான்சின் மாநிலம். லூமிஸ் என்பவருக்கு 6 ஆண்டு தண்டனை. அந்த மதிப்பெண் எப்படி வந்தது என்று காட்டுங்கள் என்று கேட்டார். அது நிறுவனத்தின் வணிக ரகசியம் என்று சொல்லிவிட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 2016இல், அதை மட்டுமே வைத்துத் தண்டிக்கக்கூடாது, எச்சரிக்கைக் குறிப்போடு பயன்படுத்தலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அவருடைய தண்டனை மாறவில்லை.

டாக்சி அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். போனில் கேட்டது உங்களுக்குச் சரியாக வந்தது. ஆனால் பழைய தீர்ப்பு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் அதனிடம் கேட்டு, அப்படியே எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள். இல்லாத கேஸை இருப்பது போலவே பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு சொல்லும். நியூயார்க்கில் 2023இல் இரண்டு லோயர்கள் விமான நிறுவனத்தின் மேல் போட்ட ஒரு கேஸில் அப்படி ஆறு பொய்த் தீர்ப்புகளைக் கொடுத்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். இங்கிலாந்தில் 2025 ஜூனில் உயர்நீதிமன்றம் விசாரித்த ஒரு விவகாரத்தில் காட்டப்பட்ட 45 மேற்கோள்களில் 18 தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லாதவை. லோயர்களே இப்படி மாட்டினால் தனியாகப் போகிறவர்கள் என்ன ஆவார்கள் என்று பயமாக இருக்கிறது.

கெப்போங் டாக்சி | வெள்ளி, மதியம் 1.15

சரிம்மா, ரசீதைத் தவிர வேறு எதையும் நான் நம்பிக் கொடுக்கவில்லை.

லைட் ஸ்ட்ரீட் பெரியவர் | வெள்ளி, இரவு 8.40

நான் ஜூருபஹாசா வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். ஜார்ஜ்டவுன் லைட் ஸ்ட்ரீட்டிலும் கடல் தாண்டி அந்தப் பக்கத்திலும் வேலை பார்த்தேன். எங்கள் பினாங்குக் கோர்ட்டுக்கு 1807இல் அரச சாசனம் வந்தது, அன்றிலிருந்து இந்தத் தீவில் நீதிபதி பேசும் மொழி ஒன்று, கூண்டில் நிற்பவன் பேசும் மொழி வேறு. நடுவில் எங்களைப் போல ஒருவன் நின்றிருக்கிறான். தண்டனை இயந்திரத்தைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள். எனக்கு அதைவிடக் கவலை, அதற்கு முந்தைய படியில் வரப்போகும் இயந்திரம். காதால் கேட்டு எழுதுவது, மொழிபெயர்ப்பது. அங்கே ஒரு சொல் தவறினால் மேலே யார் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாலும் தவறான கேஸுக்குத்தான் தீர்ப்பு.

மூன்று உதாரணம் சொல்கிறேன். மூன்றும் நான் கேட்ட பேச்சு.

சாலை விபத்துக் கேஸ். சாட்சி சொல்கிறார்: "பின்னால வந்த லோரி என்னை வெட்டிட்டுப் போச்சு." நம் ஊரில் இதற்கு முந்திக்கொண்டு போனது என்று பொருள், மலாயில் போத்தோங் என்கிறோமே அதிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுத் தமிழில் பழகிய ஒன்று இதை எப்படி எடுக்கும்? அடுத்தது அடிதடிக் கேஸ். "மூணு தடவ அடிச்சேங்க, எடுக்கல." போன் அடித்தான், எதிராளி எடுக்கவில்லை. வாக்கியத்தைப் பாதியில் வெட்டி எழுதினால் மூன்று முறை தாக்கினான் என்று பதிவாகும். அவனுக்கு அடிச்சேன், அவனை அடிச்சேன். பதட்டத்தில் பேசும்போது அந்தக் "கு"வும் "ஐ"யும் தொண்டையிலேயே நின்றுவிடும்.

மூன்றாவது "இல்லைங்க." நம் ஆட்கள் பெரியவர்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பிக்கும்போதே "இல்லைங்கய்யா, நான் என்ன சொல்றேன்னா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது மறுப்பு இல்லை, பணிவு. அன்று அந்த இடத்தில் இருந்தாயா என்று கேட்டால், "இல்லைங்கய்யா, நான் அப்பத்தான் வந்து நின்னேன்" என்பான். இருந்தேன் என்கிறான் அவன். இயந்திரம் இல்லை என்று எழுதும். அடுத்த கேள்வியில் அரசுத் தரப்பு, முதலில் இல்லை என்றாய், இப்போது இருந்தேன் என்கிறாயே, எது பொய் என்று பிடித்துக்கொள்ளும்.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2019இல் சுவாஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது, தமிழுக்கும் செய்கிறது. அங்கே ஆங்கிலத்தில் மேல்முறையீட்டுக்கு அனுமதி என்று வரும் தொடரை அது விடுமுறை கொடுக்கப்பட்டது என்று மொழிபெயர்த்ததை அந்த நாட்டு நீதிபதிகளே மேடையில் சொல்லியிருக்கிறார்கள். அது அச்சடித்த தீர்ப்பு, நிதானமாகத் திருத்திவிடலாம். கூண்டில் நடுங்கிக்கொண்டு நிற்பவனுடைய பேச்சை யார் திருத்துவது?

பிறைத் தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் பிள்ளை குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன வார்த்தை சொல்லி ஒப்புக்கொண்டான்? நம் பிள்ளைகள் அதிகாரிக்கு முன்னால் நின்றால் "தப்புதாங்க, தெரியாமப் பண்ணிட்டேன்" என்பார்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வதா, மன்னிப்புக் கேட்பதா, இந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்பதா? நான் ஒவ்வொரு முறையும் திரும்பக் கேட்பேன். "என்ன குற்றம்னு புரியுதா? அந்தப் பொருள் உன்னுடையதா? ஜெயிலுக்குப் போக வேண்டி வரும்னு தெரியுதா?" இரண்டு முறை, மூன்று முறை. சிலர் மூன்றாவது முறை கேட்கும்போதுதான், "பொருள் என்னுது இல்லைங்க, வண்டி மட்டும்தான் என்னுது" என்பார்கள். நான் கேட்காமல் விட்டிருந்தால் அன்றைக்கே உள்ளே போயிருப்பார்கள். அவர்கள் முகம் எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

கெப்போங் டாக்சி | வெள்ளி, இரவு 10.02

ஐயா, உங்களை மாதிரி ஒருவர் நின்றால் இந்தப் பேச்சே தேவையில்லை. ஆனால் எல்லாரும் உங்களை மாதிரியா? என் தம்பி கேஸில் அன்றைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்று இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். மூன்றாவது முறை வந்தவர் தம்பி ஐந்து நிமிஷம் பேசியதை அரை வரியில் சொல்லி முடித்தார். ஒன்றுமே இல்லாததற்கு இயந்திரம் மேல் இல்லையா? சிங்கப்பூரில் சிறு கோரிக்கை மன்றத்தில் தமிழுக்கே இப்போது ஏஐ மொழிபெயர்ப்புக் கொடுக்கிறார்களாமே.

லைட் ஸ்ட்ரீட் பெரியவர் | வெள்ளி, இரவு 10.40

தம்பி சொல்வதை மறுக்க மாட்டேன். அரை வரியில் முடிப்பவர்களை நானும் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். ஆள் பற்றாக்குறையும் உண்மை.

நானும் ஒரு முறை தவறினேன். "கை மாத்தா வாங்குனேன்" என்று ஒரு பெண் சொன்னதைக் கை மாறியது, அதாவது பொருள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது என்று மலாயில் சொல்லிவிட்டேன். அவர் கடனாக வாங்கியதைச் சொன்னார். பின் வரிசையில் வேறு கேஸுக்காக உட்கார்ந்திருந்த ஒரு தமிழ் லோயர் எழுந்து, "மன்னிக்கணும், அது கடன்" என்றார். நீதிபதி நிறுத்தினார், நான் திருத்தினேன், குறிப்பும் திருந்தியது. இயந்திரம் வரட்டும், இரண்டாவது காதாக வரட்டும். சாட்சியின் சொந்தக் குரலைப் பத்திரமாகப் பதிந்து வைக்கட்டும், நான் சொன்னது சரியா என்று யாரும் திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம். அப்படி வந்தால் முதலில் கை தட்டுபவன் நான்தான். எழுந்து நின்று "அது கடன்" என்று சொல்ல ஒரு ஆளும், அதைக் கேட்டு நிறுத்த ஒரு நீதிபதியும் அந்த அறையில் இருக்க வேண்டும்.

செந்தூல் லோயர் | சனி, காலை 11.25

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த "எழுந்து நின்று சொல்வது" பற்றித்தான் நான் எழுத நினைத்தேன்.

நம் சாட்சியச் சட்டத்தில் 90ஏ என்று ஒரு பிரிவு, 1993இல் சேர்த்தது. கம்ப்யூட்டர் தயாரித்த ஆவணத்துக்குப் பொறுப்பானவர் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டால் போதும், அந்தக் கம்ப்யூட்டர் அந்தச் சமயத்தில் ஒழுங்காக வேலை செய்தது என்று கோர்ட்டு அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் எதிர்த்தரப்பில் விழும். பேங்க் கணக்குத் தாளுக்கு இது சரி. தண்டனையின் அளவைச் சொல்லும் இயந்திரத்துக்கும், பேச்சை எழுதும் இயந்திரத்துக்கும் இதே மனப்பழக்கம் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

பிரிட்டனில் ஆகிவிட்டது. தபால் நிலையங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள். கணக்கில் பணம் குறைகிறது என்று காட்டியது. பிழை மென்பொருளில் இருந்தது. கம்ப்யூட்டர் சரி என்று சட்டமே அனுமானித்ததால் சிறிய தபால் நிலையம் நடத்தியவர்கள் திருடர்கள் ஆனார்கள். 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் நம் இந்திய வம்சாவளியினரும் நிறைய. கர்ப்பமாக இருந்த ஒரு பெண்ணும் ஜெயிலுக்குப் போனார். கடைசியில் 2024இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்புகளைக் கலைக்க வேண்டியிருந்தது. என்னுடைய கணக்குச் சரி, இயந்திரம்தான் தப்பு என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டனை, நீதிபதிக்கு யோசிக்க இடமே இல்லை என்ற ஏற்பாட்டை நம் நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. போதைப்பொருள் கடத்தலுக்கான பிரிவு 39பி, கட்டாய மரண தண்டனை. இத்தனை கிராமுக்கு மேல் என்றால் தூக்கு. பையன் யார், யார் கையில் கொடுத்து அனுப்பினார்கள், அம்மாவின் மருந்துச் செலவுக்கா போனான், எதையும் நீதிபதி எடைபோட முடியாது. எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது என்று நம் சமூகத்துக்குத் தெரியும். 2023 ஜூலை 4 முதல்தான் கட்டாயம் போய், தூக்கு அல்லது ஆயுள் சிறையும் பிரம்படியும் என்று நீதிபதி தேர்ந்தெடுக்கும் நிலை வந்தது. பழைய கைதிகளின் தண்டனைகளைக் கூட்டரசு நீதிமன்றம் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பார்த்தது. ஒவ்வொரு கோப்பையும் திறந்து, இந்த மனிதன் யார் என்று ஒரு மனிதன் பார்த்தான். அந்த உரிமைக்காக எங்கள் மூத்தவர்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். அதை ஒரு பரிந்துரை எண்ணின் பின்னால் மெல்ல மெல்ல இழந்துவிடக்கூடாது என்று என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கட்டாயம் இல்லை, பரிந்துரைதான் என்பார்கள். ஒரு நாளைக்கு நாற்பது கேஸ் மேசையில் இருக்கும்போது திரையில் 10 என்று தெரிந்தால், 4 என்று எழுதக் கை வருமா? எழுதினால் ஏன் என்று காரணம் எழுத வேண்டும். 10 என்று எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் தன் கீழமை நீதிமன்றங்களுக்கு ஒரு கொள்கை வெளியிட்டது. முடிவெடுக்க, உத்தரவு போட, தீர்ப்புச் சொல்ல ஏஐ கூடாது. மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தினால் மனிதன் சரிபார்க்க வேண்டும். எங்கெங்கே பயன்படுத்தினார்கள் என்று பதிவு வைக்க வேண்டும். இந்த அளவுக்காவது எழுத்தில் இங்கேயும் வேண்டும் என்பேன். அதோடு, பரிந்துரைத் தாளைத் தண்டனைக்கு முன்பே குற்றம் சாட்டப்பட்டவரின் லோயர் கையில் கொடுக்க வேண்டும்.

பாயான் லெப்பாஸ் | சனி, மதியம் 12.10

செந்தூல் லோயர் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிறை அண்ணன் கேட்ட கேள்விக்கே இந்த டேட்டாவை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். நாடு முழுக்க 12(2)இல் எந்தக் கோர்ட்டு எவ்வளவு கொடுக்கிறது என்று வருஷா வருஷம் வெளியிடட்டும். உங்கள் கோர்ட்டில் இதே எடைக்கு மற்ற இடத்தைவிட இரண்டு மடங்கு என்று அப்பீலில் காட்ட முடியும். அந்தக் கணக்கு கைதியின் மேல் விழாமல், கோர்ட்டுகளின் மேல் விழட்டும். அதற்கு நானே சம்பளமில்லாமல் வேலை பார்க்கத் தயார்.

கெப்போங் டாக்சி | சனி, மாலை 4.35

இதை ஏற்கிறேன். ஜெயில் விஷயத்தில் நீங்கள் எல்லாரும் சொல்வது சரி, அந்தத் தபால்காரர்கள் கதையைப் படித்தபின் எனக்கும் பயம் வந்துவிட்டது. ஆனால் தேதி கொடுப்பது, கோப்பு தேடுவது, மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரா என்று முதல் நாளே பார்த்துச் சொல்வது, 5,000 வெள்ளிக்குள் இருக்கும் சின்னச் சின்ன வழக்கு, இதற்கெல்லாம் ஏஐ வருவதை ஆபத்து ஆபத்து என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். காத்துக்கொண்டிருப்பவனுக்கும் தண்டனைதான். அதைக் கொடுக்க எந்த நீதிபதியும் கையெழுத்துப் போடுவதில்லை.

மூன்றாம் ஆண்டு | சனி, மாலை 5.10

இதை என் கட்டுரையில் எழுதிக்கொள்ளலாமா அண்ணே? கெப்போங் டாக்சி ஓட்டுநர் சொன்னது என்று போடுகிறேன்.

கெப்போங் டாக்சி | சனி, மாலை 5.22

எழுதும்மா.

பிறைவாசி | திங்கள், இரவு 8.55

எல்லாருக்கும் நன்றி. செந்தூல் அக்கா சொன்னபடி சட்ட உதவியில் ஒரு லோயர் கிடைத்தார். இன்று காலை அப்பீல் நோட்டீஸ் போட்டாயிற்று, பதினொன்றாவது நாள். தண்டனை சொல்லும்போது கம்ப்யூட்டர் பரிந்துரை ஏதாவது பார்த்தார்களா என்றும் எழுத்தில் கேட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். பெரியவர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அன்றைக்கு மாஜிஸ்திரேட் முன்னால் என்னடா வார்த்தை சொன்னாய்?

கொஞ்ச நேரம் யோசித்தான். "ஒண்ணும் சொல்லல மாமா. மலாய்ல வேகமா வாசிச்சாங்க. எனக்கு முன்னாடி நின்ன ரெண்டு பேரும் தலையாட்டுனாங்க, நானும் ஆட்டுனேன்" என்றான்.

மொழிபெயர்ப்பாளர் தமிழில் திரும்பக் கேட்டாரா என்றேன். தமிழில் யாரும் பேசவில்லை என்கிறான்.

இதை லோயரிடம் சொல்லியாயிற்று. ஒப்புக்கொண்டதே சட்டப்படி செல்லுமா என்று உயர்நீதிமன்றத்தை மறுஆய்வு செய்யக் கேட்க வழி இருக்கிறதாம். அன்றைய ஒலிப்பதிவு இருக்கிறதா என்று நாளைக்கு மனு போடுகிறார். ஐயா, உங்களுக்குச் சம்மதமென்றால் அந்தப் பதிவு வந்ததும் ஒரு முறை உட்கார்ந்து கேட்டுச் சொல்வீர்களா?

லைட் ஸ்ட்ரீட் பெரியவர் | திங்கள், இரவு 9.03

வருகிறேன் தம்பி. நாள் மட்டும் சொல்லுங்கள். காலை ஃபெரியில் வந்துவிடுவேன்.